எதிர்க்கரைக்குப் போனவர்கள்

சிறுபோக நெல் வெட்டி முடிந்து, இரணைமடு வாய்க்காலில் நீர் குறைந்து, அறுவடையான வயல்களில் மாடுகள் மேயத் தொடங்கும் ஆவணி மாதத்திலே, ஐரோப்பாவிலும் கனடாவிலும் பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை வருகிற காரணத்தால், வட்டக்கச்சிக்கு ஜெபக்குழுக்களின் வரவும் அதிகமாகிறது. ஏ9 வீதியை விட்டுக் கிளிநொச்சியில் திரும்பி வரும் குளிரூட்டிய வான்களிலிருந்து இலண்டன், டொரொன்டோ, ஒஸ்லோ, சென்னை முதலிய நகரங்களின் சபைகளைச் சேர்ந்தவர்கள் இறங்குகிறார்கள். அவர்களிற் பலர் நம்முடைய பிள்ளைகள், அல்லது பிள்ளைகளின் பிள்ளைகள். சிலர் நம் ஊரை வரைபடத்திலே மாத்திரம் கண்டவர்கள். கிற்றாரும் ஒலிபெருக்கியும், கொப்பிகளும் பிஸ்கற் பெட்டிகளும் கொண்டுவருகிறார்கள். பாடி, பிரசங்கித்து, நோயாளிகளின் தலையில் கைவைத்து மன்றாடி, கோவில் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்கு முன் முல்லைத்தீவுக்கோ மாங்குளத்துக்கோ புறப்பட்டுவிடுகிறார்கள். இதைப் பரிகாசமாக எழுதுகிறேன் என்று எவரும் எண்ணலாகாது. தன் வருடாந்த விடுமுறையையும் சேமிப்பையும் செலவழித்து வந்து, முன்பின் அறியாத ஒரு கிழவியின் முழங்கால் வலிக்காகச் சீமெந்துத் தரையில் முழந்தாளிட்டு மன்றாடும் மனிதனிடத்தில் எனக்கு மெய்யாகவே மரியாதை உண்டு.

ஆயினும் அண்மையில் எங்கள் சபையில் நிகழ்ந்த ஒரு சிறிய சம்பாஷணை என் மனத்தை விட்டு அகலவில்லை. வந்திருந்த குழுவின் தலைவர், தாங்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சபைகளைச் சந்தித்து, அங்குள்ள மாணவர் ஐக்கியங்களிற் பேசி, கொழும்பு வழியாக இங்கு வந்துசேர்ந்த பிரயாண விருத்தாந்தத்தை விஸ்தாரமாகச் சொல்லி முடித்துவிட்டு, வழக்கம்போல எங்களுடைய ஜெபக்குறிப்புகளைக் கேட்டு எழுதிக்கொண்டார். மழை, நுண்கடன், வெளிநாட்டில் அகதி வழக்கு முடியாத மகன், பதினைந்து வருஷத்துக்கு மேலாகியும் செய்தி இல்லாத கணவன் என்று பட்டியல் நீண்டது. அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி எழுந்து, "அது சரி தம்பி, உங்கட சபைக்கு என்ன குறை எண்டு நீங்கள் சொல்லேல்லையே? சொல்லுங்கோ, நாங்களும் மன்றாடுவம்" என்றார். அந்தத் தம்பி ஒரு கணம் திகைத்து நின்று, பின்பு சிரித்து, "எங்களுக்காகவும் ஜெபியுங்கோ அம்மா" என்று பொதுப்படச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். அவர் அகங்காரி அல்லர். அவர் கொண்டுவந்த நிகழ்ச்சிநிரலில் அக் கேள்விக்கு இடம் இருக்கவில்லை, அவ்வளவே.

அப்படிப்பட்ட கேள்விக்கு மனத்தில் இடம் வைத்துக்கொண்டு வந்த ஒரு யாத்திரிகர், நூற்றிருபது வருஷங்களுக்கு முன்னர், 1902-ல், எதிர்க்கரையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்தார். திருநெல்வேலிச் சீமையிலே வெள்ளாளன்விளை என்னும் கிராமத்தில், அங்கிலிக்கன் குருவானவர் ஒருவரின் மகனாக 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் படித்து, 1895 முதல் வை.எம்.சி.ஏ. என்னும் வாலிபர் சங்கத்தின் காரியதரிசிகளுள் ஒருவராகி, தமிழைக் கற்றுத் தமிழ் மாணவரிடையே ஊழியம் செய்த ஷெர்வுட் எடி என்னும் அமெரிக்கரின் அந்தரங்க நண்பராய்த் தென்னிந்தியா எங்கும் சுற்றித் திரிந்து மாணவர்களுக்கும் சபையாருக்கும் பிரசங்கித்துவந்த அந்த இளைஞர், இங்கேயும் வாலிபர் சங்கப் பணியின் நிமித்தமே வந்தார். கற்பிக்கவும் உற்சாகப்படுத்தவும் வந்தவர் என்று சொன்னாற் பிழையாகாது. மாணவர் ஊழியம் யாழ்ப்பாணத்துக்குப் புதிதுமல்ல; வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில், அங்கு ஆசிரியராயிருந்த பிராங்க் சாண்டர்ஸ் என்பவரின் முயற்சியால் 1884-ல் அமைந்ததே ஆசியாவின் முதலாவது மாணவர் வாலிபர் சங்கம் என்பது அச்சங்கத்தின் சரித்திரத்திற் பிரசித்தமான செய்தி.

யாழ்ப்பாணத்தில் அசரியா கண்டது என்ன? பாக்கு நீரிணைக்கு அப்பால், இராமநாதபுரக் கரையிலுள்ள தொண்டிப் பகுதியில் ஊழியம் செய்வார் இல்லை என்பதை அறிந்து, யாழ்ப்பாணத்து மாணவர் தமக்கென ஒரு மிஷனரிச் சங்கம் ஸ்தாபித்து, தம்மவர் ஒருவரையே தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து அங்கு அனுப்பி வைத்திருந்தார்கள் என்பதை. அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816-ல்; திருநெல்வேலியிலோ அதற்கும் முன்பே சபைகள் வேரூன்றியிருந்தன. பாளையங்கோட்டையில் 1785-லேயே கோவில் எழும்பிவிட்டது. பதினாயிரக் கணக்கில் விசுவாசிகளும், ஊர்தோறும் கோவிலும் பாடசாலையும், சொந்தக் குருமாரும் உடைய அந்தத் திருநெல்வேலித் திருச்சபை, அந்த நாள்வரை தன் எல்லைக்கு வெளியே தன் பெயரில் ஒரு ஊழியனையும் அனுப்பியதில்லை. ஒரு கைப்பிடியளவான தீபகற்பத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோ, எதிர்க்கரைக்கே ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அசரியா வெட்கித்துப்போனார் என்று அவருடைய சரிதத்தை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

வெட்கம் என்பது பெரும்பாலும் நாவில் தங்கிக் கரைந்துபோகும் சரக்கு. திரும்பிப் போனதும் இரண்டு பிரசங்கங்களிற் சொல்லித் தீர்த்துவிடலாம். அசரியா அப்படிச் செய்யவில்லை. மறுவருஷம், 1903 பெப்ரவரி 12-ம் திகதி, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் ஸ்தாபிதமாயிற்று. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதே அதன் நிபந்தனை. வெளிநாட்டு மிஷன்களின் காசோலைக்குக் காத்திருந்து பழகிய ஒரு காலத்திலே அது சாமானியமான நிபந்தனை அன்று. நிஜாமின் ராஜ்யத்திலே தோர்ணக்கல் என்னும் காட்டுப்பாங்கான தெலுங்குப் பிரதேசம் களமாகத் தெரிந்தெடுக்கப்பட்டு, சாமுவேல் பாக்கியநாதன் 1904-ல் முதலாவது ஊழியராக அங்கு போனார். காரியதரிசியாய் மேசையடியில் இருந்துகொண்டு பிறரை அனுப்புவது மாத்திரம் போதாது என்று கருதிய அசரியா, 1909-ல் குருப்பட்டம் பெற்றுத் தாமும் அதே தோர்ணக்கலுக்குப் போய், தெலுங்கு படித்து, மாட்டுவண்டியிலும் கால்நடையிலும் கிராமங்களுக்குத் திரிந்தார். 1912 டிசம்பர் 29-ம் திகதி கல்கத்தாவில் அவர் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றபோது, அங்கிலிக்கன் திருச்சபையின் முதலாவது இந்திய அத்தியட்சர் என்ற பதவி ஒரு தமிழருக்கு, அதுவும் தெலுங்கு நாட்டிலே, வாய்த்தது. 1945 புத்தாண்டு தினத்தில் அவர் மரிக்கும்போது தோர்ணக்கல் மறைமாவட்டத்துக் கிறிஸ்தவர் தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. இத்தனைக்கும் ஒரு காரணம், ஒரு விருந்தாளி பேசுவதற்கென்று வந்த இடத்தில் விசாரித்து அறிந்ததுதான்.

எதிர்க்கரைக்குப் போகும் பழக்கம் அந்த மாணவருடன் ஆரம்பித்ததும் அன்று. 1834-ல் லீவை ஸ்பால்டிங் பாதிரியார் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்குச் சென்று பார்த்து வந்ததன் விளைவாகவே அமெரிக்க மதுரை மிஷன் உண்டாயிற்று. அதை ஆரம்பிக்கப் போன வெள்ளைக்காரருடன் யாழ்ப்பாணத்துத் தமிழ் உதவியாளரும் போனார்கள். போதகரின் பெயரை எழுதிவைக்கும் சரித்திரம், அவருக்கு முன்னே போய் வீடு பிடித்து, தண்ணீர் தேடி, சனங்களோடு பேசிப் பழகிய மனிதனின் பெயரை அவ்வளவு சிரத்தையாக எழுதிவைப்பதில்லை. (இது மிஷன் சரித்திரத்துக்கு மாத்திரம் உரிய குறை அல்ல என்பதை, இரணைமடுக் குளத்தைக் கட்டியவர்களின் பெயர்ப்பலகையைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.)

வன்னியான் என்ற முறையில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. தொண்டியை நினைத்த அந்த மாணவரின் காலத்தில், ஆனையிறவுக்கு இப்பால் ஓமந்தை வரையும் பெருங்காடும், குளங்களை அண்டிய சிறு ஊர்களும், மலேரியாக் காய்ச்சலுமே. 1905 ஓகஸ்டில் வடபகுதிப் புகையிரதம் முழுமையாக ஓடத் தொடங்கும் வரை, தெற்கே போகிறவன் இந்தக் காட்டை வண்டியிற் கடந்தான், புகையிரதம் வந்தபின் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு கடந்தான். கடலைத் தாண்டிய கண் காட்டைத் தாண்டிவிட்டது போலும்! தூரத்திலுள்ளது தெளிவாகவும் அருகிலுள்ளது மங்கலாகவும் தெரிவது வயோதிபக் கண்ணின் இயல்பு. பக்திமான்களின் கண்ணுக்கு அது வாலிபத்திலேயே வந்துவிடுகிறது.

அது பெரும் பிரயாணங்களின் யுகம். 1895-ல் சுவீடன் தேசத்து வாட்ஸ்டேனா என்னுமிடத்தில் உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனத்தை ஸ்தாபித்த கையோடு, ஜோன் மொட் என்னும் அமெரிக்கர் ஏறக்குறைய இரண்டு வருஷம் உலகைச் சுற்றி, இலங்கை உட்படப் பல தேசங்களின் கல்லூரிகளைத் தரிசித்தார். அதன்பின் அரை நூற்றாண்டு காலம், சராசரி வருஷத்துக்கு 34 நாள் அவர் சமுத்திரத்தின் மேலேயே கழித்தார் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மேற்கிலிருந்து கிழக்குக்கு மாத்திரம் கப்பல் ஓடவில்லை என்பதே எனக்கு அதிலும் ருசிகரமான செய்தி. ருஷியாவை ஜப்பான் வென்றதை ஆசியா முழுவதும் வியந்து பேசிய 1906-ம் ஆண்டில், ஹராடா, மொட்டோடா என்னும் இரு ஜப்பானியக் கிறிஸ்தவர் இந்தியாவுக்கு வந்து மாணவர்களிடையே பிரசங்கித்தார்கள்; அடுத்த வருஷம் டோக்கியோவிற் கூடிய மாணவர் சம்மேளனத்துக்கு அசரியா இந்தியாவிலிருந்து போனார். வெள்ளைக்காரர் நடுவில் நில்லாமல் ஆசியர் ஆசியரோடு பேசக் கிடைத்த அரிய சந்தர்ப்பங்கள் அவை.

1910-ல் எடின்பரோ நகரில் மொட்டின் தலைமையிற் கூடிய உலக மிஷனரி மகாநாட்டுக்கு வந்த ஏறக்குறைய 1200 பிரதிநிதிகளுள் ஆசியர் இருபது பேர்தானும் இல்லை. அவர்களில் ஒருவராகிய அசரியா மேடையேறி, மிஷனரிமாரின் தியாகத்தையெல்லாம் நன்றியோடு ஒப்புக்கொண்டு, அதன்பின், இந்தியக் கிறிஸ்தவனோடு அவர்கள் சரிசமானமாகப் பழகுவதில்லை, தம் மேசையில் அவனை இருத்தி உண்பதில்லை என்பதைப் பச்சையாகச் சொல்லி, தானமும் தியாகமும் தந்தவர்களிடம் தோழமையையும் தரும்படி கேட்டு முடித்தார். மண்டபத்திற் பலருக்கு அது கசந்தது. அந்தக் கசப்பை இன்று வாசிக்கும்போது, எங்கள் ஊர்க் கோவிலில் எழுந்து கேள்வி கேட்ட மூதாட்டியும் அதே பிரேரணையைத்தான் வட்டக்கச்சித் தமிழில் கொண்டுவந்தார் என்று எனக்குப் படுகிறது. எங்களுக்காக மன்றாடுகிறவர் எங்களைத் தமக்காக மன்றாட விடாமற் போனால், அவர் தருமவான் என்ற ஸ்தானத்திலேயே நின்றுவிடுகிறார்.

பிரயாணம் செய்தும் வீட்டை விடாதவர் என்றால் என் நினைவுக்கு வருகிறவர் தெல்லிப்பழையிற் பிறந்த டி. ரி. நைல்ஸ். 1938-ல் தாம்பரத்திற் கூடிய உலக மிஷனரி மகாநாட்டுக்கு இளம் பிரதிநிதியாகப் போன அவர், பத்து வருஷத்தின் பின், 1948-ல், ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் அங்குரார்ப்பணமானபோது ஆரம்ப ஆராதனையிற் பிரசங்கித்தார். அதே ஆராதனையிற் பேசிய மற்றவர் எண்பத்து மூன்று வயதான மொட். இலங்கைக்கு மாணவரைத் தேடி வந்த அக் கிழவரின் பக்கத்தில், இலங்கையிலிருந்து போன நாற்பது வயதுத் தமிழர். 1968-ல் உப்சாலாவிற் கூடிய அதே மன்றத்தின் ஆரம்பப் பிரசங்கம் மார்ட்டின் லூதர் கிங் செய்யவேண்டியது. ஏப்ரலில் அவர் கொலையுண்டபடியால் அந்த இடத்திலும் நைல்ஸ் நின்றார். மாணவர் சம்மேளனத்தின் தலைவராயும், கிழக்காசியக் கிறிஸ்தவ மகாநாட்டின் செயலாளராயும் தேசம் தேசமாகத் திரிந்த அவர், மெதடிஸ்த போதகராய்ச் சபை விசாரணையையும், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி அதிபராய்ப் பிள்ளைகளின் விசாரணையையும் கைவிடவில்லை. ஜெனிவாவிற் பேசியவர் ஊருக்குத் திரும்பி வந்து ஒரு மரணவீட்டில் ஜெபம் சொல்லவேண்டியிருந்தது. உலகப் பிரயாணிகளுக்கு இது நல்ல பத்தியம் என்பது என் துணிபு.

வட்டக்கச்சியோ 1950-களில் காடு வெட்டிக் குடியேறியவர்களின் ஊர். தீவுகளிலிருந்தும் தீபகற்பத்திலிருந்தும் காணி தேடி வந்தவர்கள், வாய்க்காலை அடுத்து வயலும் மேட்டில் வீடுமாக அமர்ந்து, கொட்டிலிற் கூடிப் பாடித் தம் சபைகளை உண்டாக்கினார்கள். அந்நாளில் எங்களைத் தரிசிக்க எந்தக் குழுவும் வந்ததாக நினைவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து குருவானவர் வருவதே விசேஷம். 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தபின்தான் ஓமந்தையையும் முகமாலையையும் தாண்டி அந்நிய தேசத்துத் திருச்சபைப் பிரதிநிதிகள் வரத்தொடங்கினார்கள். அதற்குப் பிறகு வந்தவற்றை விரித்துரைக்க இப் பத்தி போதாது. 2009 தை மாதத்தில் யுத்தத்தால் ஊரே எழுந்து தருமபுரம், விசுவமடு என்று கிழக்கே நடந்தது. செட்டிகுளத்து முகாம்களிலிருந்து திரும்பி வந்தபோது கூரையில்லாத கோவில்களில் தறப்பாள் கட்டி ஆராதித்தோம். அந்த நாட்களில் வந்து எங்களோடு தரையில் இருந்து பேசாமல் அழுதுவிட்டுப் போனவர்களை ஊர் இன்றும் பெயர் சொல்லி நினைக்கிறது. அவர்கள் என்ன பிரசங்கித்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

இப்போது நாங்களும் போகிறோம். காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபரில் ஆரம்பித்து, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடியும் ஓடத்தொடங்கிய கப்பல், எதிர்க்கரையை எங்கள் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. சபையாரிற் சிலர் ஜெபக்குழுவாகச் சேர்ந்து தமிழ்நாட்டுக்குப் போகத் திட்டமிட்டபோது, தொண்டியையும் ஒருமுறை பார்த்து வாருங்கள் என்று சொன்னேன். தொண்டி எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். மேற்சொன்ன கதையைச் சொன்னேன். கதை பிடித்திருந்தது, நாட்கள் போதவில்லை. பெரிய கூட்டங்கள் நடக்கும் பெரிய கோவில்களைக் கண்டு, ஒரு கல்லூரி விடுதியில் மாணவரோடு ஒரு மாலை கழித்து, கொஞ்சம் சேலையும் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பினார்கள். அவர்களிற் புத்திசாலியான ஒரு பெண் மாத்திரம், அந்த விடுதிப் பிள்ளைகள் தன்னிடம் யுத்தத்தைப் பற்றி அல்லாமல் வேறெதையும் கேட்கவில்லை என்றும், தானும் அவர்களிடம் ஒன்றும் கேளாமலே வந்துவிட்டதாகவும் சொல்லி வருத்தப்பட்டாள். பிரயாணத்தின் பயன் அந்த ஒரு வருத்தத்திலேயே இருந்தது என்று நான் அவளுக்குச் சொன்னேன்.

அவள்தான் பிறகு அறிவியல்நகர்ப் பேச்சை எடுத்தாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கும் அறிவியல்நகர், கிளிநொச்சிக்குத் தெற்கே ஏ9 ஓரத்தில், எங்களுக்கு ஒரு பஸ் மாறினால் போய்ச்சேரும் தூரத்தில் இருக்கிறது. இலங்கையின் எல்லாப் பகுதிகளிலிருந்தும், தென்னிலங்கையிலிருந்து பெருந்தொகையாகவும், பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். அவர்களுக்குள் கிறிஸ்தவர் சிலர் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலுமாகக் கூடி ஜெபிக்கிறார்கள். கடல் கடந்து போய்வந்த எங்கள் குழு அங்கே போனதில்லை. பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் இது பேசப்பட்டபோது, போகவேண்டும் என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கவில்லை. பிட்டு அவித்துக்கொண்டு போவதா, சோறு சமைத்துக்கொண்டு போவதா என்பதிலும், யார் சிங்களத்தில் ஜெபிப்பது என்பதிலும்தான் நீண்ட வாதம் நடந்தது. என் சிங்களம் பஸ் நடத்துநரிடம் மிச்சக் காசு கேட்பதோடு முடிந்துவிடும் என்று சொல்லி நான் தப்பிக்கொண்டேன்.

போவதற்கு முன் அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டுவிடுவோம் என்று அந்தப் பெண் பிடிவாதம் பிடித்து, ஒரு மாணவியிடம் கேட்டாள். பரீட்சை முடியும்வரை கூட்டம் வேண்டாம் என்றும், வந்தால் பிரசங்கியார் வேண்டாம், சாப்பாடு போதும் என்றும், வெளியே தங்கிப் படிக்க விரும்பும் நாலைந்து பெண் பிள்ளைகளுக்கு நம்பிக்கையான ஒரு வீடு கிடைத்தால் பெரிய உபகாரம் என்றும் பதில் வந்தது. வட்டக்கச்சியிலே, கடல் கடந்து போனவர்கள் மாபிள் பதித்துக் கட்டிப் பூட்டிவிட்டுப்போன வீடுகளுக்குக் குறைவில்லை. ஐக்கியத்தின் செயலாளர் இரண்டு வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பிற் செய்தி அனுப்பினார். ஒருவர் அன்றிரவே சம்மதித்து, சாவி மைத்துனரிடம் இருக்கிறது என்று எழுதிவிட்டார். மற்றவர், மதில் கட்டி முடியட்டும், பார்ப்போம் என்கிறார்.